முதல் ஃபேர்வே டிரைவர் எது: லெப்பர்டா, டீபேர்டா, ரிவரா, ஃபயர்பேர்டா?

டிஸ்க் கோல்ஃப் என்பது வட்டை வீசிக் கூடையில் போடும் ஆட்டம். அதில் குறுகிய தூரத்துக்கான பட்டரும் நடுத்தரத் தூரத்துக்கான மிட்ரேஞ்சும் கைக்குப் பழகி, வட்டு 60, 65 மீட்டர் வரை ஒழுங்காகப் போக ஆரம்பித்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும். இன்னும் கொஞ்சம் தூரம் போக எதை வாங்குவது? பலரும் அந்த நேரத்தில் 12, 13 என்று ஸ்பீட் போட்ட, நெடுந்தூரத்துக்கான டிஸ்டன்ஸ் டிரைவரை எடுத்துவிடுகிறார்கள். அது கையிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே இடப்பக்கம் சாய்ந்து தரையில் இறங்கிவிடும். மிட்ரேஞ்ச் போன தூரம்கூடப் போகாது. இவர்களுக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஃபேர்வே டிரைவர்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 75 மீட்டருக்குள் வீசுபவர் லெப்பர்ட் வாங்கலாம், அல்லது ரிவர். 90 மீட்டரைத் தாண்டுபவருக்கு டீபேர்ட். ஃபயர்பேர்ட் யாருக்கும் முதல் வட்டு அல்ல, ஆனால் இரண்டாவதாக ஏறக்குறைய எல்லோருக்கும் பயன்படும். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை இனி விரிவாகப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வலம், இடம் என்று வருவதெல்லாம் வலக்கையால் பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கைப் பக்கமாக வீசுவது) வீசுபவருக்கு. இடக்கையால் பேக்ஹேண்ட் வீசுபவர்களும் வலக்கையால் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கமாக வீசுவது) வீசுபவர்களும் அப்படியே மாற்றிப் படிக்க வேண்டும்.

வட்டின் மேல் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். ஸ்பீட், கிளைடு, டர்ன், ஃபேட் என்று வரிசை. இன்னோவா நிறுவனம் கொண்டுவந்த இந்த முறையைத்தான் இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. ஃபேர்வே டிரைவர்களின் ஸ்பீட் ஏறக்குறைய 6 முதல் 9 வரை. கிளைடு என்பது காற்றில் மிதந்து நிற்கும் திறன். 1 முதல் 7 வரை போகும். டர்ன் என்பது வேகமாகப் பறக்கும்போது வட்டு வலப்பக்கம் எவ்வளவு புரளும் என்பது. +1 முதல் -5 வரை இருக்கும், எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு புரளும். ஃபேட் என்பது வேகம் குறைந்த பிறகு கடைசியில் இடப்பக்கம் எவ்வளவு வளையும் என்பது. 0 முதல் 5 வரை.

இதில் ஸ்பீட்தான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 9 ஸ்பீட் வட்டு உங்களுக்காக வேகமாகப் பறந்துவிடாது. அந்த வட்டு எழுதியபடி பறக்க வேண்டுமென்றால் நீங்கள் அந்த அளவு வேகம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஸ்பீட் கூடக்கூட விளிம்பு அகலமாகும், காற்றைக் கிழிக்கும் முனை கூர்மையாகும். ஃபேர்வே டிரைவரின் விளிம்பு சுமார் 1.6 முதல் 2 சென்டிமீட்டர் வரை. சிறிய கைக்கும் அது வசதியாக அடங்கும். டிஸ்டன்ஸ் டிரைவரில் இது 2.5 வரை போவதால், விரல்களால் இறுக்கிப் பிடிப்பதே பலருக்குச் சிரமம்.

இன்னொன்று, இந்த எண்களை யாரும் பொதுவாக அளந்து சான்று தருவதில்லை. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பி.டி.ஜி.ஏ. வட்டின் அளவுகள், எடை போன்றவற்றைத்தான் சரிபார்க்கிறது, பறக்கும் விதத்தை அல்ல. ஆகவே ஒரு நிறுவனத்தின் -1 இன்னொரு நிறுவனத்தின் -1 ஆக இருக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிட எண்கள் நன்றாக உதவும். நிறுவனம் மாறினால் வீசிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, வட்டு ஏன் முதலில் வலமும் கடைசியில் இடமும் போகிறது? இது புரிந்துவிட்டால் மற்ற எல்லா ஒப்பீடும் எளிது. வலக்கை பேக்ஹேண்டில் வட்டு மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழல்கிறது. வேகமாகவும் தட்டையாகவும் போகும்போது காற்று தூக்கும் விசையின் மையம் வட்டின் நடுவுக்குப் பின்னால் விழுகிறது. அதாவது காற்று வட்டின் மூக்கை, அதன் முன் விளிம்பை, கீழே அழுத்தப் பார்க்கிறது. ஆனால் சுழலும் பொருளை ஒரு பக்கம் அழுத்தினால் அது அந்தப் பக்கம் சாயாது. பம்பரத்தைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தட்டிய திசைக்குக் குறுக்கே சாயும். மூக்கில் விழும் அழுத்தம் வட்டை வலப்பக்கமாகச் சாய்க்கிறது. இதுதான் டர்ன். வேகம் குறைந்து வட்டு தாழத் தொடங்கும்போது காற்று கீழிருந்து கூடுதல் கோணத்தில் மோதுகிறது. அப்போது அந்த மையம் முன்னால் நகர்கிறது, மூக்கு மேலே தள்ளப்படுகிறது, வட்டு இடப்பக்கம் சாய்கிறது. இதுதான் ஃபேட்.

ஆக டர்னும் ஃபேடும் வட்டுக்குள் பூட்டி வைத்த குணங்கள் இல்லை, வேகத்தைப் பொறுத்தவை. ஒருவருக்கு -2 டர்ன் காட்டும் வட்டு, மெதுவாக வீசும் இன்னொருவருக்குத் துளிகூட வலம் திரும்பாது. அவருக்கு முழுப் பயணமும் ஃபேடாகவே போய்விடும். முதல் ஃபேர்வே டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் பெரும்பாலான தவறுகள் இதை யோசிக்காததால் வருபவைதான். நன்றாக வீசும் நண்பர் 'இது நூல் பிடித்த மாதிரி போகும்' என்று சொல்லிக் கொடுக்கும் வட்டு, உங்கள் கையில் நூல் பிடிக்காது.

இப்போது இரண்டு முக்கியப் போட்டியாளர்கள். இரண்டும் இன்னோவாவினுடையவை. லெப்பர்ட் 6, 5, -2, 1. டீபேர்ட் 7, 5, 0, 2. எண்ணில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து வீடு. கையில் எடுத்தால் வேறு வேறு ஊர்.

70 மீட்டர் வீசுபவர் லெப்பர்டைத் தட்டையாக விட்டால் அது ஏறக்குறைய நேராகப் போய், கடைசியில் லேசாக இடம் சாய்ந்து இறங்கும். அச்சடித்த டர்ன் -2 என்றாலும் அந்த வேகத்தில் டர்ன் முழுதாக எழும்புவதில்லை. கொஞ்சம் எழும்பி, ஃபேடைச் சமன் செய்துவிடுகிறது. ஆரம்ப நிலை வீச்சாளருக்கு நேர்க்கோடு கிடைப்பது இப்படித்தான். அதே ஆள் டீபேர்டை அதே மாதிரி விட்டால், பாதித் தூரம் நேராகப் போய்ப் பிறகு இடப்பக்கம் நன்றாக விலகும். 10 மீட்டர் தள்ளி விழுந்தால் ஆச்சரியமில்லை. மரங்களுக்கு நடுவே போகும் ஃபேர்வேயில், அதாவது ஆட்டப் பாதையில், அந்த 10 மீட்டர் என்பது புதருக்குள் தேடும் வேலை.

ஆனால் 100 மீட்டர் வீசுபவரிடம் கதை திரும்பிவிடும். அவர் லெப்பர்டை முழு வேகத்தில் தட்டையாக விட்டால் அது வலப்பக்கம் புரண்டுகொண்டே போகும், பல நேரம் திரும்பி வராது. அவர் கையில் டீபேர்ட்தான் நூல் பிடிக்கும். டர்ன் 0 என்பதால் எதிர்பாராத பக்கம் போகாது, கடைசியில் மட்டும் நம்பகமாக இடம் சாயும். எங்கே விழும் என்று வீசும் முன்பே சொல்லிவிடலாம். 12 முறை உலகச் சாம்பியனான கென் க்ளைமோவின் பெயர் பொறித்தே டீபேர்ட்கள் வந்திருக்கின்றன. பல ஆண்டுகளாக மற்ற நிறுவனங்களின் ஃபேர்வே டிரைவர்களையும் 'இது டீபேர்ட் மாதிரி', 'டீபேர்டைவிடக் கொஞ்சம் இடம் போகும்' என்றுதான் ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அளவுகோலாகவே ஆகிவிட்ட வட்டு அது. டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் அதீனாவும் லாட்டிட்யூட் 64-இன் எக்ஸ்ப்ளோரரும் அதே 7, 5, 0, 2 என்ற எண்களோடு வருவது தற்செயல் அல்ல. அந்தப் பறத்தலுக்கு அவ்வளவு தேவை இருக்கிறது.

லெப்பர்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதற்காகவே அதை எனக்கு மிகவும் பிடிக்கும். வேகம் கூடக்கூட அது பயனற்றுப் போவதில்லை, வீசும் கோணம்தான் மாறுகிறது. வெளி விளிம்பைக் கொஞ்சம் கீழே சாய்த்து, அதாவது ஹைசரில் வீசினால், அது பறக்கும்போதே நிமிர்ந்து தட்டையாகி நேராகப் போகும். இதை ஹைசர் ஃப்ளிப் என்பார்கள். முதலில் 70 மீட்டரில் தட்டையாக வீசக் கற்ற அதே வட்டில், ஓராண்டு கழித்து 90 மீட்டரில் ஹைசர் ஃப்ளிப் கற்கலாம். டீபேர்டை முதலில் வாங்கியவர் அதன் ஃபேடோடு மல்லுக்கட்டி, அதைத் தவிர்க்க வட்டை வலப்பக்கம் சாய்த்து வீசும் பழக்கத்தை வளர்த்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தை அப்புறம் மாற்றுவது கடினம். இப்படி மாட்டிக்கொண்டவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

லெப்பர்டுக்கு நேரடி மாற்று என்று சொல்லத் தகுந்தது லாட்டிட்யூட் 64-இன் ரிவர். 7, 7, -1, 1. இதில் கவனிக்க வேண்டிய எண் இரண்டாவது. கிளைடு 7 என்பது அந்த அளவுகோலின் உச்சம். மெதுவாக வீசினாலும் காற்றில் நின்று நின்று போகும். கையில் வேகம் குறைவாக உள்ளவர்களுக்குக் கூடுதல் தூரம் வேண்டுமென்றால் ஸ்பீடைக் கூட்டுவதைவிடக் கிளைடைக் கூட்டுவதுதான் பலன் தரும். இதை அழுத்திச் சொல்கிறேன். 7 ஸ்பீடில் அதிகக் கிளைடுள்ள வட்டு, 11 ஸ்பீடில் குறைந்த கிளைடுள்ள வட்டை அவர்கள் கையில் சுலபமாகத் தோற்கடிக்கும்.

ஆனால் கிளைடு இலவசமாகக் கிடைப்பதில்லை. காற்று அடிக்கும் நாளில் ரிவர் தூக்கி எறியப்படும். கூடை 60 மீட்டரில் இருக்கும்போது கொஞ்சம் பலமாக விட்டால் தாண்டிப் போய்விடும். எங்கே நிற்கும் என்ற உறுதி லெப்பர்டில் கொஞ்சம் அதிகம். திறந்த வெளி மைதானத்தில் ஆடுபவர், காற்று அதிகமில்லை என்றால் ரிவரை எடுக்கலாம். மரங்களுக்கு நடுவே ஆடுபவருக்கு லெப்பர்ட். டிஸ்கிராஃப்டின் பாஷன், 8, 5, -1, 1, இரண்டையும்விட ஸ்பீட் கூடியது. ஐந்து முறை உலகச் சாம்பியனான பெய்ஜ் பியர்ஸின் பெயரில் வரும் வட்டு அது. லெப்பர்டை மிஞ்சிய கைக்கு நல்ல அடுத்த படி.

விளிம்பில் தனி வளையம் பொருத்திய எம்விபி, ஆக்ஸியம் நிறுவனங்களின் வட்டுகளும் இதே வேலைக்கு வரும். ஆக்ஸியமின் க்ரேவ் 6.5, 5, -1, 1. எம்விபியின் வோல்ட் 8, 5, -0.5, 2. எடையை வெளி ஓரத்தில் குவிப்பதால் சுழற்சி நீடிக்கும் என்பது அவற்றின் வாதம். க்ரேவ் மிக நேர்மையான நேர்வட்டு. விளிம்பின் பிடி மட்டும் வேறு மாதிரி இருக்கும், கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னும் வலப்பக்கம் புரள வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தனி வரிசை இருக்கிறது. லாட்டிட்யூட் 64-இன் டயமண்ட் 8, 6, -3, 1. இன்னோவாவின் சைட்வைண்டர் 9, 5, -3, 1. ரோட்ரன்னர் 9, 5, -4, 1. இவற்றில் டயமண்ட் 50 மீட்டர் அளவில் வீசும் சிறுவர்களுக்கும் புதியவர்களுக்கும் உண்மையாகவே நல்லது. பெரும்பாலும் எடை குறைவாகவே வரும். ரோட்ரன்னர் அப்படியில்லை. வேகம் வந்தவர்கள் நீண்ட வலப்பக்க வளைவுக்கும், தரையில் சக்கரம் போல உருட்டும் ரோலர் வீச்சுக்கும் எடுக்கும் கருவி அது. 75 மீட்டர் வீசுபவர் கையில் அது முதல் மாதம் அற்புதமாகத் தெரியும், கை தேறியதும் தரையில் மோதத் தொடங்கும். முதல் வட்டாக வேண்டாம் என்பேன்.

எதிர்க்கோடியில் இருப்பது ஃபயர்பேர்ட். 9, 3, 0, 4. கிளைடு 3, ஃபேட் 4. எப்படி வீசினாலும் கடைசியில் இடப்பக்கம் வெட்டிக்கொண்டு இறங்கும். தூரத்துக்கு இதை எடுக்கக் கூடாது. இதன் மதிப்பு நம்பிக்கையில் இருக்கிறது. எதிர்காற்றில் மற்ற வட்டுகள் தடுமாறும்போது இது அசையாது. மரத்தைச் சுற்றி இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், திரும்பும் என்பதில் சந்தேகமே வராது. இடப்பக்கம் சாய்ந்தபடி வேகத்தோடு இறங்குவதால் விழுந்த பிறகு நீண்ட தூரம் சறுக்கிப் போகும். ஒரு தாழ்ந்த கிளைக்கு அடியில் அந்தச் சறுக்கலையே வீச்சாக்கிக்கொள்ளலாம். ஃபோர்ஹேண்ட் வீசுபவர்களுக்கும் இது மிக நெருக்கமான வட்டு. ஃபோர்ஹேண்டில் பலருக்கும் சுழற்சி குறைந்து வட்டு தள்ளாடிக்கொண்டு கிளம்பும். அந்தத் தள்ளாட்டத்தில் லெப்பர்ட் உருண்டுவிடும், ஃபயர்பேர்ட் தாங்கும்.

ஃபயர்பேர்ட் ரொம்ப முரட்டுத்தனம் என்று தோன்றினால் ஈகிள் இருக்கிறது. 7, 4, -1, 3. நன்றாக வேகம் கொடுத்தால் கொஞ்சம் வலம் போய், உறுதியாக இடம் திரும்பும். இரண்டு பக்கமும் வளையும் அழகான வட்டு. ஆனால் அந்த அழகு தெரிய டீபேர்டை நேராக வீசும் கை வேண்டும்.

எதிர்காற்று பற்றிச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். வட்டுக்குத் தெரிவது தரையைப் பொறுத்த வேகம் அல்ல, காற்றைப் பொறுத்த வேகம். எதிர்காற்றில் அந்த வேகம் கூடுவதால் எல்லா வட்டும் கூடுதலாக வலம் புரளும். டீபேர்ட் லெப்பர்ட் போல நடந்துகொள்ளும், லெப்பர்ட் ரோட்ரன்னர் போல. பின்காற்றில் இது தலைகீழ். டர்ன் காணாமல் போய், வட்டு சீக்கிரம் இறங்கும். அப்போது கிளைடு உள்ள, வலம் புரளும் வட்டுதான் உதவும். உயரமான மலைப்பகுதியில் காற்று மெலிந்திருப்பதால் டர்னும் மிதப்பும் இரண்டுமே குறையும். அங்கேயும் டீபேர்டைவிட லெப்பர்ட் பக்கம் சாய்வது நல்லது.

பிளாஸ்டிக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தும் இரண்டு வட்டுகள் வேறு மாதிரிப் பறப்பதற்கு இதுவே பெரிய காரணம். இன்னோவாவில் டிஎக்ஸ் என்பது அடிப்படை வகை. விலை குறைவு, பிடி நன்றாக இருக்கும், மரத்தில் பட்டால் சீக்கிரம் வடுப்படும். சாம்பியன் கண்ணாடி போல உறுதியானது, நீண்ட நாள் உழைக்கும், பல வார்ப்புகளில் (அச்சு மாதிரிகளில்) கொஞ்சம் கூடுதலாக இடம் போகும். ஸ்டார் இரண்டுக்கும் நடுவே, பிடியும் உழைப்பும் சேர்ந்தது. வடுப்பட வடுப்பட எந்த வட்டும் வலப்பக்கம் புரளும் குணம் பெறும். டிஎக்ஸில் இது சில வாரங்களில் தெரியும், சாம்பியனில் ஆண்டுகள் ஆகலாம்.

ஒரே வார்ப்பு, ஒரே பிளாஸ்டிக் என்றாலும் கடையில் நான்கைந்தை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மேற்பரப்பு குவிந்திருப்பது கூடுதலாக மிதக்கும். தட்டையாக இருப்பது பெரும்பாலும் சீக்கிரம் இறங்கும். விளிம்பின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் கோடு தரையிலிருந்து உயரமாக இருந்தால் வட்டு இடப்பக்கம் சாயும், தாழ்ந்திருந்தால் வலம் புரளும். அனுபவசாலிகள் வட்டை மேசையில் வைத்துக் குனிந்து பார்ப்பது இதற்காகத்தான்.

எடை விஷயத்தில் புதியவர்கள் 175 கிராமுக்கே போகிறார்கள். அந்த எண் விதியிலிருந்து வருகிறது. விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பி.டி.ஜி.ஏ. விதி. ஃபேர்வே டிரைவரின் விட்டம் சுமார் 21.1 சென்டிமீட்டர். பெருக்கினால் 175. அது அனுமதிக்கப்பட்ட உச்சம், சிறந்த எடை என்று பொருள் இல்லை. 75 மீட்டருக்குள் வீசுபவர் 160 முதல் 168 கிராமில் லெப்பர்ட் எடுத்தால் வேகம் கொடுப்பது எளிது, கொஞ்சம் கூடுதலாகப் புரளவும் செய்யும். காற்று அதிகமான இடத்தில் மட்டும் 170-க்கு மேல் போங்கள்.

வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை. உங்கள் மிட்ரேஞ்ச் பறக்கும்போது பக்கவாட்டில் நின்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வட்டின் மூக்கு மேலே தூக்கியபடி போகிறதா? அப்படியென்றால் எந்த ஃபேர்வே டிரைவரும் உயரே ஏறி, நின்று, இடம் சாய்ந்துதான் விழும். அதற்கு வட்டு காரணமில்லை. மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ்நோக்கி வைத்து மூக்கைத் தாழ்த்தப் பழகுங்கள். ஒரு வாரப் பயிற்சி, புது வட்டைவிட அதிகத் தூரம் தரும். அப்புறம் நண்பர்களிடம் லெப்பர்டும் டீபேர்டும் கடன் வாங்கி, திறந்த மைதானத்தில் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை வீசுங்கள். அதிகபட்சத் தூரத்தைக் குறிக்காதீர்கள். பத்தும் எவ்வளவு பரப்பில் சிதறியிருக்கின்றன என்று பாருங்கள். சிதறல் குறைந்த வட்டுதான் உங்களுடையது.

என்னிடம் கேட்டால் முதலில் டிஎக்ஸ் லெப்பர்ட் ஒன்று, பயிற்சிக்கு அதே வட்டு இன்னொன்று. ஆறேழு மாதத்தில், எதிர்காற்று அடிக்கும் நாள்கள் உங்களைத் தொந்தரவு செய்யத் தொடங்கும்போது சாம்பியன் பிளாஸ்டிக்கில் ஃபயர்பேர்ட். 90 மீட்டர் வந்ததும் ஸ்டார் டீபேர்ட். அதற்குள் முதல் லெப்பர்ட் மரங்களில் மோதி மோதி விளிம்பெல்லாம் வடுவாகியிருக்கும், லேசாக விட்டாலே வலம் புரளும். அதைப் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். காசு கொடுத்து ரோட்ரன்னர் வாங்க நினைத்த வேலைக்கு அதுதான்.